டைபீரியஸ் கொடுங்கோலனா?

கொங்கு நாட்டில் வரலாற்று ஆசிரியனாகப் பணி புரிந்த எனக்கு, உரோமாபுரியைப் பற்றிய பாடம் வரும்பொழுதெல்லாம் ஒரு வசதி இருந்தது. அவ்வளவு தொலைவில் உள்ள நாட்டை மாணவர் மனத்தில் பதிய வைக்க நான் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. “உங்கள் ஊர் மண்ணைத் தோண்டினால் உரோமாபுரிக் காசு கிடைக்கும்” என்று சொன்னால் போதும். கடைசி வரிசைப் பையனும் நிமிர்ந்து உட்காருவான். அது வெறுங்கதையன்று. 1842ஆம் ஆண்டில் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் ஒரே புதையலாக 500க்கும் மேற்பட்ட உரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பொள்ளாச்சி, கரூர்ப் பக்கங்களிலும் இத்தகைய புதையல்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. இப்பகுதி வெள்ளிக் காசுகளுள் மிகப் பெரும்பாலானவை இரண்டே பேரரசர்களுடையவை. ஒருவன் அகஸ்டஸ். மற்றவன் அவனுக்குப் பின் அரியணை ஏறிய டைபீரியஸ்.

அகஸ்டஸின் காசு ஒன்றில் இரண்டு இளைஞர்கள் கேடயம் தாங்கி நிற்பார்கள். டைபீரியஸின் காசில் ஒரு பக்கம் மாலை சூடிய அவன் தலை; மறு பக்கம் கையில் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண். இவ்விரு காசுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு குடும்பக் கதையே அவற்றுள் அடங்கியிருப்பது விளங்கும். அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பாடப்புத்தகம் டைபீரியஸுக்கு ஒரே ஒரு சொல்லைத்தான் ஒதுக்கி வைத்திருந்தது. ‘கொடுங்கோலன்’ என்பது அச்சொல். நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதையே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். மாணவர்கள் அதையே தேர்வில் எழுதினார்கள். நானும் மதிப்பெண் கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான், அந்த ஒரு சொல்லை யார் எனக்குக் கொடுத்தார்கள் என்று திரும்பிப் பார்க்கும் அவகாசம் கிடைத்தது.

கிறித்தவ அன்பர்கள் இவனைத் ‘திபேரியு இராயன்’ என்று விவிலியத்தின் வழியாக அறிவார்கள். இயேசு பெருமான் சிலுவையில் அறையப்பட்டது இவனுடைய ஆட்சிக் காலத்தில்தான். மற்றவர்கள் அறிந்ததெல்லாம் காப்ரித் தீவுக் கதைகள். முதுமையில் அவன் தலைநகரைத் துறந்து அத்தீவுக்குச் சென்று, நாவால் சொல்லத் தகாத ஒழுக்கக் கேடுகளில் மூழ்கிக் கிடந்தான் என்றும், பிடிக்காதவர்களைப் பாறை உச்சியிலிருந்து கடலில் தள்ளச் செய்து பார்த்துக்கொண்டிருந்தான் என்றும், தன் வளர்ப்பு மகனாகிய ஜெர்மானிக்கஸ் என்னும் புகழ் பெற்ற படைத் தலைவனை நஞ்சிட்டுக் கொல்வித்தான் என்றும் சொல்லப்படுகிறது.

சொன்னவர்கள் யாவர்? முதன்மையானவர் டாசிட்டஸ். உரோமானிய வரலாற்றாசிரியர்களுள் அவரை விஞ்சியவர் இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் அவர் பிறந்தது ஏறக்குறைய கி.பி. 56இல், டைபீரியஸ் இறந்ததோ கி.பி. 37இல். டாசிட்டஸ் இவ்வரலாற்றை எழுதியபொழுது டைபீரியஸ் இறந்து எழுபது, எண்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அடுத்தவர் சூட்டோனியஸ், அவர் இன்னும் இளையவர். காப்ரித் தீவுக் கதைகள் விரிவாக வருவது அவருடைய நூலில்தான். மூன்றாமவர் காசியஸ் டயோ. அவர் 3ஆம் நூற்றாண்டினர். மூவருமே டைபீரியஸை நேரில் கண்டவர் அல்லர்.

டாசிட்டஸுக்கு வேறொரு சுமையும் இருந்தது. அவர் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை டொமிஷியன் என்னும் கொடிய மன்னனின் கீழ் வாய் திறவாமல் கழித்தவர். அந்த டொமிஷியனுக்குப் படிப்பதில் நாட்டம் இல்லை. அவன் விரும்பிப் படித்ததெல்லாம் டைபீரியஸ் எழுதி வைத்த குறிப்புகளையும் அவனுடைய ஆணைகளையுமே என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். தன்னை வதைத்த மன்னன் யாரை ஆசானாகக் கொண்டானோ அவனை ஒருவர் கருணையோடு பார்க்க முடியுமா? டாசிட்டஸ் டைபீரியஸின் முகத்தில் டொமிஷியனின் முகத்தைக் கண்டார் என்பது என் துணிபு.

நேரில் கண்டவர் ஒருவர் உண்டு. வெல்லியஸ் பாட்டர்குலஸ் என்பவர் டைபீரியஸின் படையில் அதிகாரியாக இருந்தவர். கி.பி. 30இல் அவர் எழுதிய சிறு வரலாற்றில் டைபீரியஸுக்கு ஒரே புகழ்மாலைதான். மன்னன் உயிரோடிருக்கும்பொழுது எழுதிய புகழ்மாலையை எவ்வளவு நம்புவது என்பதும் நியாயமான கேள்வியே. ஆனால் படைவீரருள் நோயுற்றவர்களுக்குத் தன்னுடைய மருத்துவரையும் பல்லக்கையும் தன் குளியலுக்கான ஏற்பாடுகளையும்கூடத் தந்தான் என்று அவர் எழுதுவது, ஒரு கூடாரத்தில் கிடந்து அனுபவித்தவரின் சாட்சியம்போல் ஒலிக்கிறது.

இனி அந்தக் குடும்பக் கதைக்கு வருவோம். டைபீரியஸ் பிறந்தது கி.மு. 42இல். அவன் சிறு பிள்ளையாக இருந்தபொழுதே அவன் தாய் லிவியா, முதற் கணவனை விட்டு, பின்னாளில் அகஸ்டஸ் எனப் பெயர் பெற்றவனை மணந்தாள். மாற்றாந்தந்தையின் வீட்டில் அவன் வளர்ந்தான். விப்சானியா என்னும் பெண்ணை மணந்து மனமொத்து வாழ்ந்தான். கி.மு. 11இல் அகஸ்டஸ் அந்த மணத்தை முறிக்கச் சொல்லி, விதவையாகிவிட்ட தன் மகள் ஜூலியாவை மணக்கக் கட்டளையிட்டான். பிறகு ஒரு நாள் தெருவில் விப்சானியாவை எதிர்பாராமல் கண்ட டைபீரியஸ், கண்ணீர் ததும்பப் பார்வையாலேயே அவளைப் பின்தொடர்ந்தான் என்றும், அதன்பின் அவள் அவன் கண்ணில் படாதபடி பார்த்துக்கொண்டார்கள் என்றும் சூட்டோனியஸ் சொல்கிறார். பகைவர் எழுதிய நூலிலேயே இது இருக்கிறது. கி.மு. 9இல் அவன் தம்பி துரூசஸ் ஜெர்மானிய நாட்டில் குதிரையிலிருந்து விழுந்து சாகக் கிடந்தபொழுது, டைபீரியஸ் இரவு பகலாகக் குதிரையேறி ஓடினான். பிறகு பிணத்தின் முன்னே உரோமாபுரி வரை நடந்தே வந்தான்.

காசில் நிற்கும் அந்த இரு இளைஞர்கள் யார் தெரியுமா? ஜூலியாவின் இரண்டாம் மண வழிப் பிறந்த கேயஸும் லூசியஸும். அகஸ்டஸ் தன் பேரர்களாகிய அவ்விருவரையே வாரிசாகக் கொண்டு வளர்த்தான். போர்க்களத்தில் தலைநரைத்த டைபீரியஸ் கி.மு. 6இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரோட்ஸ் தீவில் ஒதுங்கி வாழப் போனான். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தான். அவன் அங்கே வாடிக் கிடந்த அந்நாளில்தான் அந்த இளைஞர்களின் உருவம் பொறித்த காசுகள் அச்சாகி, யவனர் கப்பலேறி, நம் முசிறித் துறையை நோக்கியும் வந்தன. விதி வேறு விதமாக எண்ணியது. லூசியஸ் கி.பி. 2இலும், கேயஸ் கி.பி. 4இலும் மாண்டனர். வேறு வழியின்றி அகஸ்டஸ் டைபீரியஸைத் தத்தெடுத்தான். கி.பி. 14இல் அகஸ்டஸ் மறைந்தபொழுது இவனுக்கு வயது 54. யாரும் விரும்பி அழைக்காத விருந்தினனைப்போல அவன் அரியணைக்கு வந்தான்.

அவன் ஆண்ட விதம் எத்தகையது? இங்கே புத்தகங்களை மூடிவிட்டுக் கல்லைப் பார்க்கலாம். கி.பி. 17இல் இன்றைய துருக்கி நாட்டின் மேற்குப் பகுதியில் ஒரே இரவில் 12 நகரங்கள் நிலநடுக்கத்தால் இடிந்தன. மிகவும் துன்புற்ற சார்டிஸ் நகருக்கு டைபீரியஸ் ஒரு கோடி செஸ்டர்ஸ் பணம் தருவதாக அறிவித்து, 5 ஆண்டுகளுக்கு வரியையும் நீக்கினான். நேரில் சென்று பார்த்து வேண்டுவன செய்ய ஓர் அதிகாரியையும் அனுப்பினான். நன்றி பாராட்டி அந்நகரங்கள் எழுப்பிய நினைவுச் சின்னம் ஒன்றின் பிரதியாகிய பீடம், நகரங்களின் பெயரும் உருவமும் பொறித்தது, இத்தாலியில் பொஸ்ஸுவோலி நகரில் கிடைத்து இன்றும் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கி.பி. 33இல் உரோமாபுரியில் கடன் கொடுப்போரெல்லாம் ஒரே சமயத்தில் கடனைத் திரும்பக் கேட்க, நிலங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. அப்பொழுது அவன் 10 கோடி செஸ்டர்ஸ் எடுத்து வைத்து, நிலத்தை ஈடாகக் காட்டுவோருக்கு 3 ஆண்டுகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கச் செய்தான். ஸ்பெயின் நாட்டார் அவனுக்குக் கோயில் கட்ட விரும்பியபொழுது வேண்டாமென மறுத்தான். அவன் இறந்தபொழுது கருவூலம் நிறைந்திருந்தது. கேளிக்கைப் பந்தயங்களுக்கும் வாள்வீரர் விளையாட்டுகளுக்கும் அவன் கையை இறுக்கிப் பிடித்ததால்தான் நகர மக்கள் அவனை வெறுத்தார்கள். ஊருக்கு நாடகக் கொட்டகை கட்டாதவனை ஊர் எப்பொழுது புகழ்ந்திருக்கிறது?

நமக்கும் அவனுக்கும் உள்ள தொடர்பு ஒன்றை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. கி.பி. 22இல் செல்வர்களின் ஆடம்பரத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று பேச்செழுந்தபொழுது அவன் செனட் அவைக்கு ஒரு கடிதம் எழுதினான். அதில், பெண்களின் மணிகளுக்காக நம் பணம் அயலாரிடமும் பகைவரிடமும் போய்ச் சேர்கிறதே என்று வருந்தினான். அந்த அயலாருள் முத்தும் பச்சைக் கல்லும் விற்ற நம் முன்னோரும் இருந்திருப்பார்கள். அவன் நொந்துகொண்ட அப்பணத்தில் ஒரு பங்குதான் வெள்ளலூர் மண்ணுக்குள் கிடந்தது.

ஜெர்மானிக்கஸை நஞ்சிட்டான் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். அவன் கி.பி. 19இல் அந்தியோக்கியாவில் நோயுற்று இறந்தான். பைசோ என்னும் ஆளுநர்மீது பழி விழுந்தது. மன்னன்தான் தூண்டினான் என்று ஊரெங்கும் முணுமுணுப்பு. இந்த வழக்கில் செனட் அவை கி.பி. 20, டிசம்பர் 10ஆம் நாள் நிறைவேற்றிய முழுத் தீர்மானமும் செம்புக் கலவைத் தகட்டில் பொறித்தபடி, 1980களின் பிற்பகுதியில் ஸ்பெயினில் வெளிவந்தது. 1996இல் ஆராய்ந்து வெளியிடப்பட்டது. பைசோ படைகளைத் தன்பக்கம் இழுத்தான், உள்நாட்டுப் போர் மூட்டினான் என்பவையே அதில் கண்ட பெருங்குற்றங்கள். நஞ்சிட்டதாகத் தீர்ப்பு இல்லை. நஞ்சுக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று டாசிட்டஸே எழுதியதும் இதனோடு ஒத்துப்போகிறது. அதே தகட்டில், பைசோவின் மனைவி பிளான்சினாவை மன்னனின் தாய் லிவியா கேட்டுக்கொண்டதற்காக மன்னித்துவிட்டதாகவும் வெட்கமின்றிப் பொறித்திருக்கிறார்கள். சிபாரிசைச் செம்பில் வெட்டி வைத்தவர்கள் வேறெங்கும் உண்டோ என்னவோ!

காப்ரிக் கதைகளைப் பற்றி நான் நெடுநேரம் செலவிட விரும்பவில்லை. கி.பி. 27இல் அவன் அத்தீவுக்குச் சென்றபொழுது அவனுக்கு வயது 67. எனக்கும் இப்பொழுது ஏறத்தாழ அந்த வயதே. மூட்டுவலிக்குத் தைலம் தேடும் பருவத்தில் அத்தனை கூத்துகளுக்கும் உடம்பில் தெம்பு வருமென்று நம்ப என் அனுபவம் இடம் தரவில்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் வால்டேர் இக்கதைகளை நம்ப மறுத்தார். அவனோடு தீவுக்குப் போனவர்களுள் ஒரு சட்ட அறிஞரும், ஒரு சோதிடரும், சில கிரேக்கப் புலவர்களும் இருந்தனர். அப்புலவர்களிடம், கடற்கன்னியர் பாடிய பாட்டு எது, வீரன் அக்கிலிஸ் பெண்வேடத்தில் மறைந்திருந்தபொழுது அவனுக்கு என்ன பெயர் என்றெல்லாம் விடையில்லாக் கேள்விகளைக் கேட்டு அவர்களைத் திணற வைப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. எங்கள் காலத்துப் பள்ளி ஆய்வாளர் சிலரை இது எனக்கு நினைவூட்டுகிறது.

இவ்வளவும் கேட்ட நேயர்கள், நான் அவனை விடுதலை செய்யப் போகிறேன் என்று எண்ணக்கூடும். அவனுக்காக வாதாடப் புகுந்தோர் பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அது இயலவில்லை. காரணம், நான் வகித்த பதவியும் அதில் நான் செய்த பிழையும்.

தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற புதிதில், உதவி ஆசிரியர் ஒருவரைப் பற்றி எனக்கு மொட்டைக் கடிதம் ஒன்று வந்தது. சுற்றுலாவுக்காக மாணவரிடம் வாங்கிய பணத்தில் அவர் கைவைத்துவிட்டார் என்று அதில் எழுதியிருந்தது. நான் அதைக் கிழித்தெறியவில்லை. நேர்மையாக நடக்கிறோம் என்ற எண்ணத்தில் அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டேன். அவர் மறுநாளே கணக்கு நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு காசுகூடப் பிழையில்லை. நான் வருத்தம் தெரிவித்தேன்; விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் வேறு வேறு ஆசிரியர்களைப் பற்றி, வேறு வேறு கையெழுத்துகளில், ஏழு கடிதங்கள் வந்தன. ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அந்த ஆசிரியர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். முதற் கடிதம் எழுதியவன் யாரோ. மற்ற ஏழையும் எழுத வைத்தவன் நான். கடிதம் எழுதினால் தலைமையாசிரியர் படிப்பார் என்று காட்டிக் கொடுத்துவிட்டேன் அல்லவா?

உரோமாபுரியில் அரசத் துரோகச் சட்டம் என்று ஒன்று இருந்தது. அரசாங்க வழக்கறிஞர் என்று யாரும் அங்கே இல்லை. எவரும் எவர்மீதும் குற்றம் சாட்டலாம். குற்றம் உறுதியானால், பறிமுதலாகும் சொத்தில் நாலில் ஒரு பங்கு குற்றம் சாட்டியவனுக்கு. ஆட்சியின் தொடக்கத்தில் டைபீரியஸ் இத்தகைய வழக்குகளை நகைத்தே ஒதுக்கினான். தோட்டத்தை விற்றபொழுது அதிலிருந்த அகஸ்டஸ் சிலையையும் சேர்த்து விற்றுவிட்டான் என்று ஒருவன்மேல் கி.பி. 15இல் வழக்கு வந்தது. அதில் குற்றமொன்றும் இல்லை என்று டைபீரியஸ் எழுதித் தள்ளிவிட்டான். ஆனால் சட்டத்தை மாற்றவில்லை. தள்ள வேண்டியதைத் தள்ளவும் கொள்ள வேண்டியதைக் கொள்ளவும் தானிருக்கும்போது சட்டம் இருந்தால் என்ன என்று எண்ணினான் போலும். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

கி.பி. 24இல் நடந்த ஒரு வழக்கை டாசிட்டஸ் விவரிக்கிறார். விபியஸ் செரினஸ் என்ற முதியவர் முன்பே நாடு கடத்தப்பட்டவர். அவரை அழுக்கேறிய கோலத்தில், விலங்கு பூட்டி, செனட் அவைக்கு இழுத்து வந்தார்கள். குற்றம் சாட்டியவன், நன்றாக உடுத்துக்கொண்டு மலர்ந்த முகத்தோடு எதிரே நின்ற அவருடைய சொந்த மகன். பெயரும் விபியஸ் செரினஸ் என்பதே. முதியவர் கலங்கவில்லை. மகனை நோக்கித் திரும்பி விலங்குகளை உலுக்கி, பழி வாங்கும் தெய்வங்களை அழைத்தார். ஊர் மக்கள் கொதித்தெழ, மகன் அஞ்சி ரவென்னா நகருக்கு ஓடிவிட்டான். அவனைத் திரும்ப இழுத்து வந்து வழக்கை நடத்தச் செய்தவன் டைபீரியஸ். இதே வழக்கில் சேர்க்கப்பட்ட கார்னூட்டஸ் என்பவர் அச்சம் தாளாமல் தற்கொலை செய்துகொண்டார்.

முதியவருக்குச் சாவு விதிக்கலாம் என்றார்கள் சிலர், டைபீரியஸ் தடுத்தான். தண்ணீரில்லாத ஒரு தீவுக்கு அனுப்பலாம் என்றார் ஒருவர். உயிரை விட்டுவைத்தவனுக்கு உயிர் வாழும் வழியையும் விட்டுவைக்க வேண்டும் என்று சொல்லி, அதையும் மறுத்தான். அவரை முன்பிருந்த அமோர்கஸ் தீவுக்கே திருப்பி அனுப்பினார்கள். எவ்வளவு நியாயமான மனம்! ஆனால் உடனே அடுத்த பேச்சு எழுந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தீர்ப்புக்கு முன்பே உயிரை மாய்த்துக்கொண்டால், குற்றம் சாட்டியவனுக்கு வெகுமதி கிடையாது என்று விதி செய்யலாம் என்றனர். அவையோர் அதை ஏற்க இருந்தார்கள். டைபீரியஸ் எழுந்து, வழக்கத்துக்கு மாறான கடுமையோடு, அப்படிச் செய்தால் சட்டங்களைக் காப்பாற்ற ஆளே இராது என்று சொல்லி அதைத் தடுத்துவிட்டான். கண்ணெதிரே நின்ற ஒரு முதியவருக்குத் தண்ணீர் கொடுக்கத் தெரிந்த அவனுக்கு, கண்ணில் படாத ஆயிரம் பேருக்கு எதிராகக் காட்டிக்கொடுப்போரின் கூலியை உறுதி செய்வது கொடுமையாகத் தோன்றவில்லை. பாறை உச்சிக் கதைகளையெல்லாம் நீக்கிவிட்டு நான் அவன்மீது எழுதும் குற்றச்சாட்டு இது ஒன்றே. இது வதந்தியன்று, நிறைந்த அவையில் அவன் வாயால் சொன்னது.

அதன் பின் நடந்தவை இதிலிருந்து முளைத்தவை. காப்ரியில் இருந்தவனுக்கு உலகம் கடிதமாகவே வந்தது. மெய்க்காப்புப் படைத் தலைவன் செஜானஸின் கைகளைக் கடந்தே அக்கடிதங்கள் வந்தன. ஜெர்மானிக்கஸின் மனைவி அக்ரிப்பினாவும் அவள் மூத்த மகன் நீரோவும் நாடு கடத்தப்பட்டார்கள். இரண்டாம் மகன் துரூசஸ் அரண்மனைச் சிறையில் அடைக்கப்பட்டான். கி.பி. 31, அக்டோபர் 18ஆம் நாள் காப்ரியிலிருந்து வந்த ஒரு நீண்ட கடிதம் செனட் அவையில் படிக்கப்பட்டது. அது முடிவதற்குள் செஜானஸ் கைதியானான், அன்றே கொல்லப்பட்டான். அவனுடைய சிறு மக்களையும் விடவில்லை. அவன் வீழ்ந்த பிறகும் துரூசஸின் சிறைக் கதவு திறக்கப்படவில்லை. கி.பி. 33இல் அவன் மெத்தையில் அடைத்திருந்த பஞ்சைத் தின்று ஒன்பது நாள் உயிர் வைத்திருந்து, பட்டினியால் மாண்டான். அவன் சிறையில் புலம்பிய ஒவ்வொரு சொல்லையும் காவலர் ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்திருந்தனர். அக்குறிப்பை அவையில் படிக்கச் செய்தவன் டைபீரியஸ். இதைச் சொல்பவர் டாசிட்டஸ். அவர் பகைவர்தாம், எனினும் நிறைந்த அவையில் நடந்ததைப் பொய்யாகச் சொல்லிவிட முடியாது என்பதால் இதை நம்புகிறேன்.

டைபீரியஸ் தன் வாழ்வைப் பற்றிச் சுருக்கமாக ஒரு நூல் எழுதினான். டொமிஷியன் திரும்பத் திரும்பப் படித்த குறிப்புகள் அவையே. நூல் இன்று இல்லை. அதிலிருந்து ஒரு செய்தியை மட்டும் சூட்டோனியஸ் எடுத்துச் சொல்கிறார். ஜெர்மானிக்கஸின் பிள்ளைகள்மீது செஜானஸ் வெறிகொண்டு பகை பாராட்டியதை அறிந்தே அவனைத் தண்டித்தேன் என்று டைபீரியஸ் அதில் எழுதியிருந்தானாம். துரூசஸ் பட்டினியால் இறந்தது செஜானஸ் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து.